படிப்பதற்குச் சம்பளம் உண்டா?



இந்தப் பதினைந்து நாட்களில் வந்த கடிதக் கட்டிலிருந்து மூன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். எழுதியவர்கள் மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஆனால் மூவருடைய கவலையும் ஒரே முடிச்சில்தான் வந்து நிற்கிறது.

மாயவரம் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதுகிறார்: "பெண் பி.இ. முடித்துவிட்டாள். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் வந்திருக்கிறது. 'ஸ்காலர்ஷிப்பும் உண்டு அம்மா' என்கிறாள். ஆனால் இவரோ வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்துக் கடன் வாங்க வேண்டும் என்கிறார். ஸ்காலர்ஷிப் உண்டென்றால் கடன் எதற்கு? யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை, அக்கா."

மதுரைச் சகோதரியின் கடிதம் இதற்கு நேர் எதிர். "என் மகள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டாள். நமக்கு ஏதடி அவ்வளவு வசதி என்று நாங்களே வாயை அடைத்துவிட்டோம். இப்போது பக்கத்து வீட்டுப் பையனுக்கு அங்கே படிக்கச் சம்பளமே கொடுக்கிறார்களாம். நிஜந்தானா?"

மூன்றாவது கடிதம் ஓர் இளந்தாயுடையது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, குழந்தை பிறந்ததும் பாதியில் நிறுத்தியவர். "மறுபடி தொடங்கினால் உதவிப் பணம் கிடைக்குமா, அல்லது இதோடு எல்லாம் முடிந்ததா?" என்று நாலே வரியில் கேட்டிருக்கிறார்.

மூவருக்கும் சேர்த்தே இந்த இதழில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். மளிகைக் கணக்கும் பால் கணக்கும் போடுகிற நமக்கு இதுவும் வரும், பயப்படாதீர்கள்.

தர்மம் அல்ல, கூலி

ஸ்காலர்ஷிப் என்றதும் நம் மனசில் வருவது என்ன? ஏழைப் பிள்ளைக்கு யாரோ ஒரு புண்ணியவான் கொடுக்கும் உதவி. அமெரிக்காவில் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்புக்குக் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது செய்கிற வேலைக்குக் கொடுக்கும் கூலி.

அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முதல் வருஷ கெமிஸ்ட்ரி வகுப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உட்காருவார்கள். பேராசிரியர் ஒருவர் மேடையிலிருந்து பாடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அத்தனை பேருக்கும் ஆய்வுக்கூடத்தில் கூட நின்று சொல்லித் தருவது யார்? விடைத்தாள் திருத்துவது யார்? சந்தேகம் என்று கதவைத் தட்டினால் பதில் சொல்வது யார்? இதற்கெல்லாம் ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் ஆராய்ச்சி மாணவர்கள். அதே போல, பேராசிரியர் ஒரு ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டால் இரவு பகலாகச் சோதனை செய்து குறித்து வைக்கக் கைகள் வேண்டும். அதற்கும் இவர்களேதான்.

ஆகவே பெற்றோரின் வருமானம் என்ன, சொந்த வீடு உண்டா என்றெல்லாம் அங்கே பார்ப்பதில்லை. இந்தப் பெண் இந்த வேலைக்குத் தகுதியா என்றுதான் பார்க்கிறார்கள். மதுரைச் சகோதரி, வசதி இல்லை என்பது உங்கள் பெண்ணுக்குத் தடையே இல்லை என்பதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

முதலாவது டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப். பாடம் நடத்த உதவும் வேலை. வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. அதை அங்கே 'அரை நேர வேலை' என்பார்கள். வெளிநாட்டு மாணவர்கள் பாடம் நடக்கும் மாதங்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணிக்கு மேல் வேலை பார்க்க விசாச் சட்டமும் இடம் தராது. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் தங்குதடையில்லாமல் பேச வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் பேச்சுத் தேர்வு வைத்துத்தான் வகுப்புக்குள் விடும். நம் பெண்கள் எழுத்தில் புலி, பேச்சில் கொஞ்சம் கூச்சம். இப்போதே வீட்டில் தினம் கால் மணி பேசிப் பழகட்டும்.

இரண்டாவது ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப். பேராசிரியரின் ஆராய்ச்சியில் வேலை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமோ? பேராசிரியர் அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான நிறுவனம், தேசிய சுகாதார நிலையங்கள் போன்ற இடங்களுக்குத் திட்டம் எழுதிப் போடுவார். அந்தத் திட்டச் செலவுக் கணக்கிலேயே மாணவியின் மாதப் பணம், படிப்புக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். இதில் நல்லது என்னவென்றால், செய்யும் வேலையே பெரும்பாலும் அவளுடைய பட்டத்துக்கான ஆராய்ச்சியாகவும் அமையும். கெட்டது என்னவென்றால், திட்டத்தின் பணம் நின்றால் இதுவும் நிற்கும். 2025-ல் அரசு ஆராய்ச்சிப் பணம் நிறுத்தப்பட்டும் தாமதப்பட்டும் போனபோது, சில பல்கலைக்கழகங்கள் புதிய பி.எச்.டி. மாணவர் சேர்க்கையையே குறைத்துவிட்டன.

மூன்றாவது ஃபெல்லோஷிப். இதில்தான் வேலைக் கட்டாயம் இல்லை, அல்லது மிகக் குறைவு. படி, ஆராய்ச்சி செய் என்று பணத்தைக் கையில் கொடுப்பது. மதிப்பும் அதிகம், போட்டியும் அதிகம். பெயரைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் பட்டமேற்படிப்பு ஃபெல்லோஷிப் ஆண்டுக்கு 37,000 டாலர் தருகிறது. கேட்கவே இனிக்கிறது. ஆனால் அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும், அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். நம் பெண்கள் விண்ணப்பிக்கவே முடியாது. இதைக் காட்டி ஆசை மூட்டும் ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை.

நம் நாட்டவருக்கென்றே உள்ளது ஃபுல்பிரைட்-நேரு ஃபெல்லோஷிப். 1950-ல் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த அமைப்பு இதை நடத்துகிறது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அதில் மாஸ்டர்ஸ் படிப்புக்கும் உதவி உண்டு, ஆனால் சில வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருஷம் இங்கே இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அங்கேயே வேலை தேடலாம் என்று நினைப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

எம்.எஸ். வேறு, பி.எச்.டி. வேறு

மாயவரம் சகோதரியின் குழப்பத்துக்கு விடை இங்கேதான்.

அமெரிக்காவில் விஞ்ஞானம், என்ஜினீயரிங் துறைகளில் ஒருவரை பி.எச்.டி.க்குச் சேர்த்தால், நல்ல பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பணத்துக்கும் வழி செய்துதான் சேர்க்கும். படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மேலே மாதாமாதம் கையில் ஒரு தொகை. (அங்கே 'ட்யூஷன்' என்றால் சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போவதல்ல, படிப்புக் கட்டணத்துக்கே அதுதான் பெயர்.) எம்.எஸ். கதை வேறு. அதில் சேர்பவர்கள் பெரும்பாலும் தங்கள் காசைப் போட்டுத்தான் படிக்கிறார்கள். சில துறைகளில் சிலருக்கு அசிஸ்டன்ட்ஷிப் கிடைப்பதுண்டு. அதை நம்பிக் கப்பல் ஏறக் கூடாது.

அப்படியானால் உங்கள் பெண் சொல்லும் ஸ்காலர்ஷிப் என்ன? அநேகமாக அது கட்டணத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்வது. நம் ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரி. பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுப் புடவையில் ஆயிரம் கழித்தால், ஆயிரம் லாபம் என்று சந்தோஷப்படுகிறோம். மீதி ஒன்பதாயிரத்தை எண்ணி வைப்பதும் நாம்தானே! கழிவு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கழித்த பிறகு நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள்.

சில இடங்களில் சின்னத் தொகைக்கே பெரிய பலன் இருப்பதும் உண்மை. டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில், போட்டியில் வென்று ஆண்டுக்கு 1,000 டாலருக்குக் குறையாத உதவித்தொகை பெறும் வெளிநாட்டு மாணவர், வெளியூர்க்காரருக்கான கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. அந்த ஆயிரத்தைவிட விலக்கின் மதிப்புதான் பெரிது.

இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அங்கே பி.எச்.டி.யில் சேர எம்.எஸ். முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. நாலு வருஷ பி.இ. முடித்த பெண் நேரே விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷ பி.எஸ்ஸி. மட்டும் போதாது என்று பல இடங்களில் சொல்வார்கள். ஆனால் எம்.எஸ்ஸி. முடித்தவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆக, மதுரைப் பெண் நேரே விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவளே!

அதற்காக, பணம் வருகிறதே என்று எல்லாரையும் பி.எச்.டி.க்குத் தள்ளிவிடாதீர்கள். அது ஐந்தாறு வருஷத் தவம். ஆராய்ச்சியில் நிஜமான ஆசை இல்லாத பெண் இரண்டாம் வருஷமே துவண்டுவிடுவாள்.

கடிதத்தைப் படிக்கும் முறை

பணம் தருவதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்ததும் வீடே குதிக்கும். குதித்து முடித்த பிறகு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பெண்ணின் பக்கத்தில் உட்காருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பரவாயில்லை. நீங்கள் கேளுங்கள், அவள் கடிதத்தில் தேடிச் சொல்லட்டும்.

1. படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, ஒரு பகுதியா?

2. அது போக 'ஃபீஸ்' என்று தனியாக ஏதாவது கட்ட வேண்டுமா? கட்டணம் முழுக்கத் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, இந்தச் சில்லறைக் கட்டணங்களை மாணவியிடமே வாங்கும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் சில நூறு டாலர், சில இடங்களில் அதற்கும் மேலே.

3. மாதப் பணம் வருஷத்தில் எத்தனை மாதம்? ஒன்பதா, பன்னிரண்டா? கோடை மூன்று மாதம் பாடம் இல்லை என்று பணமும் நிற்கும் இடங்கள் பல. வயிற்றுக்குக் கோடை விடுமுறை ஏது?

4. எத்தனை வருஷத்துக்கு உறுதி? 'முதல் வருஷம் மட்டும்' என்றிருக்கிறதா, 'ஐந்து வருஷம்' என்றிருக்கிறதா?

5. என்ன வேலை? வாரம் எத்தனை மணி?

6. மருத்துவ இன்ஷூரன்ஸ் யார் செலவு? பல் வைத்தியமும் கண் கண்ணாடியும் பெரும்பாலும் அதில் சேராது. விமானம் ஏறும் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, சொத்தை இருந்தால் அடைத்து, கண்ணாடி இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

7. பணம் தொடர நிபந்தனை என்ன? சராசரியாக 'பி' தரத்துக்குக் குறையாமல் மார்க் வாங்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. தகுதித் தேர்வு ஒன்றும் இருக்கும்.

8. எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்? இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் ஏற்படுத்திய ஒப்பந்தத்தில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன்படி, அசிஸ்டன்ட்ஷிப், ஃபெல்லோஷிப் போன்ற உதவி கிடைத்த மாணவர் ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம். அதற்கு முன் முடிவு சொல் என்று நெருக்கக் கூடாது. எனவே முதல் கடிதத்துக்கே அவசரமாகத் தலையாட்ட வேண்டியதில்லை.

கடிதத்துக்குப் பிறகு ஐ-20 என்று ஒரு காகிதம் வரும். விசாவுக்கு அதுதான் அடிப்படை. அதில் ஒரு பக்கம் செலவு: கட்டணம், சாப்பாடு தங்கல், இதர செலவு. மறுபக்கம் வரவு: சொந்தப் பணம், பள்ளி தரும் பணம், வேறு இடத்துப் பணம். 'பள்ளி தரும் பணம்' என்பதற்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 'சொந்தப் பணம்' என்ற இடத்தில் இருப்பதுதான் உங்கள் வீட்டுப் பத்திரம்! ஸ்காலர்ஷிப் என்ற சொல்லுக்குள் இருக்கும் உண்மையை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

மாசம் 2,500 டாலரா!

மாதம் 2,500 டாலர் என்று கடிதத்தில் கண்டதும் நாம் ரூபாயில் பெருக்கிவிடுகிறோம். இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. அடேயப்பா, தங்கையின் கல்யாணச் செலவு முடிந்தது என்று மனக்கோட்டை!

சாதாரணமான ஓர் ஊரை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? எண்கள் உதாரணத்துக்குத்தான், முறையைக் கவனியுங்கள். ஒன்பது மாதத்துக்கு 2,500 வீதம் ஆண்டுக்கு 22,500. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,875. மேலே சொன்ன 'ஃபீஸ்' வகைக்கு மாதம் 100 ஒதுக்குங்கள். வரி 100. (அங்கே கட்டணத் தள்ளுபடிக்கு வரி இல்லை, கையில் வாங்கும் பணத்துக்கு உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி ஒரு நிலைக் கழிவு கிடைக்கிறது.) மிச்சம் 1,675. இரண்டு பேரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டால் வாடகை, மின்சாரம் 900. மளிகை, காய்கறி 350. போன், பஸ் 75. இன்ஷூரன்ஸில் நம் பங்கு 100. மொத்தம் 1,425. கையில் நிற்பது 250 டாலர். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஊருக்கு ஒரு தடவை வந்துபோக டிக்கெட், குளிருக்கு ஒரு கோட்டு, இவற்றோடு சரி.

ஆகவே அங்கிருந்து பணம் வரும் என்று இங்கே சீட்டுக் கட்டாதீர்கள். அவள் யாரிடமும் கை நீட்டாமல் படித்து முடிக்கிறாள் என்பதே பெரிய லாபம்.

வாடகை அதிகமான ஊர்களில் நிலைமை இன்னும் கஷ்டம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிப் பாடம் சொல்லியும் ஆராய்ச்சி செய்தும் படிப்பவர்கள். வாங்கும் பணம் வாடகைக்கே போய்விடுகிறது என்பதுதான் குறை. முடிவில் பாடம் சொல்லித் தருபவர்களின் குறைந்தபட்சத் தொகை, ஒன்பது மாத அரை நேர வேலைக்கு, சுமார் 23,000 டாலரிலிருந்து 2024 அக்டோபருக்குள் சுமார் 34,000 ஆக உயர ஒப்பந்தம் ஆயிற்று. இது கூலிதான், தர்மமல்ல என்று நான் சொன்னது இதனால்தான். தர்மத்தில் பேரம் கிடையாது. கூலியில் உண்டு.

ஒரு சின்ன எச்சரிக்கை. முதல் சம்பளம் போய்ச் சேர்ந்த அன்றே வராது, ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். வாடகை முன்பணம், போர்வை, பாத்திரம் எல்லாம் அதற்குள் வாங்கியாக வேண்டும். எவ்வளவு முழு உதவி கிடைத்தாலும் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பணம் உண்டு, பெயர் இல்லை

இந்த ஃபெல்லோஷிப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1876-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் திறந்தபோதே, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் கொடுத்து அழைத்தார்கள். ஆண்களுக்கு மட்டும்!

அங்கே கணிதம் படிக்க விண்ணப்பித்தாள் கிறிஸ்டீன் லாட் என்ற பெண். சின்ன வயசில் இவளைக் காலேஜுக்கு அனுப்பவே பாட்டிக்கு மனசில்லை. நாலு வருஷம் படித்துவிட்டு வந்தால் வயசு ஏறிவிடும், அப்புறம் யார் கட்டிக்கொள்வார்கள் என்பது கவலை. பேத்தி என்ன செய்தாள் தெரியுமா? நம் பக்கத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம், எனக்கு மாப்பிள்ளை கிடைப்பது எப்படியும் சந்தேகம்தான், படிப்பாவது இருக்கட்டும் என்று புள்ளிவிவரத்தோடு வாதாடி ஜெயித்தாள்! 1878-ல் ஹாப்கின்ஸில், பேராசிரியர் சில்வெஸ்டர் அவளுடைய கட்டுரைகளை ஏற்கெனவே படித்திருந்ததால் விசேஷ அனுமதி வாங்கித் தந்தார். ஃபெல்லோஷிப் பணமும் கொடுத்தார்கள். ஆனால் ஃபெல்லோக்களின் பட்டியலில் அவள் பெயரை அச்சிடவில்லை. 1882-ல் முனைவர் பட்டத்துக்கான வேலையை முடித்தாள். அதே வருஷம் கல்யாணமும் ஆயிற்று, மாப்பிள்ளையும் கணிதக்காரர். பட்டம் மட்டும் வரவில்லை. அது வந்தது 1926-ல், அவளுக்கு 78 வயதில்!

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தலச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இ.கே. ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டிருந்த பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். 1931-ல் அங்கே தாவரவியலில் டாக்டர் பட்டம். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த வேலை நாடறிந்தது. 1977-ல் பத்மஸ்ரீ. நூறு வருஷத்துக்கு முன்பு, கப்பலில் போன காலத்தில், ஒரு பெண்ணுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது ஓர் உதவித்தொகை. இன்று அதைத் தேடிப் பார்க்காமலே நாம் கதவைச் சாத்தலாமா?

கல்யாணமான பெண்ணுக்கு

கணவர் அங்கே மாணவராக இருக்க, மனைவியாகக் கூடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஃப்-1 மாணவரின் மனைவிக்கு எஃப்-2 விசா. அதில் வேலை பார்க்க அனுமதி இல்லை. ஒரே ஆளின் அந்த மாதப் பணத்தில்தான் இரண்டு பேர், குழந்தை இருந்தால் மூன்று பேர் ஓட்ட வேண்டும். மனைவி, குழந்தையின் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தனிச் செலவு, அதுவும் கணிசமான செலவு. பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். 'மாப்பிள்ளை அமெரிக்காவில், முழு ஸ்காலர்ஷிப்' என்று வரன் வந்தால், மேலே சொன்ன எட்டுக் கேள்விகளைச் சம்பந்தி வீட்டில் பக்குவமாகக் கேட்டு வைப்பதில் தப்பில்லை. போகும் பெண்ணும் படித்தவளாயிருந்தால், இருவரும் தனித்தனியே விண்ணப்பித்துப் போவது நல்லது. எஃப்-2 விசாவில் பகுதி நேரமாகத்தான் படிக்க முடியும்.

நம் ஊரிலேயே

இப்போது என் மூன்றாவது சகோதரி. கைக்குழந்தையோடு கடல் தாண்ட வேண்டாம் அம்மா, இங்கேயே வழி இருக்கிறது.

யு.ஜி.சி.யின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. மேலே வீட்டு வாடகைப் படி. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உண்டு. யு.ஜி.சி. விதிப்படி முனைவர் ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாகப் படிப்புக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். ஆராய்ச்சியை முடிக்கும் காலக்கெடுவிலும் பெண்களுக்கு இரண்டு வருஷம் கூடுதல் சலுகை உண்டு. குடும்பப் பொறுப்பால் விஞ்ஞானத்தை விட்டுப் போன பெண்களை மீண்டும் அழைத்துவரவே மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை தனியாக ஃபெல்லோஷிப்புகள் நடத்துகிறது. உங்கள் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ப் பதிலை நம்பாதீர்கள். பிள்ளை பிறந்ததோடு எதுவும் முடிந்துவிடவில்லை.

கடைசியாக

மாயவரம் சகோதரி, பத்திரத்தை பாங்குக்கு எடுத்துப் போகும் முன் ஐ-20 காகிதத்தின் அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் ஈடு கேட்பதுதான் பாங்குகளில் பெரும்பாலும் வழக்கம். 'அங்கே போய் வேலை பார்த்துக் கட்டணம் கட்டிவிடுவேன்' என்று பெண் சொன்னால், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வாரம் 20 மணி, மணிக்கு 15 டாலர் என்றாலும் 300 டாலர். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தோள் கொடுக்கும், கட்டணத்துக்கு எட்டாது. கடன்தான் வழி என்றால், அது எவ்வளவு, திருப்பிக் கட்டப்போவது யார், வேலை கிடைக்கத் தாமதமானால் வட்டி எதிலிருந்து என்று மூவரும் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். ஆராய்ச்சியில் அவளுக்கு ஆசை உண்டு என்றால், இந்த வருஷம் பொறுத்து அடுத்த பருவத்துக்கு பி.எச்.டி.க்கு விண்ணப்பிப்பதையும் யோசிக்கலாம்.

மதுரைச் சகோதரி, உங்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்று ராத்திரி சாப்பாடு போடும்போதே மகளிடம், "அந்த அமெரிக்கப் படிப்பு விஷயம் என்னடி, மறுபடி சொல்லு" என்று நீங்களாகவே ஆரம்பியுங்கள். பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியில் வரும். பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க, பரீட்சை எழுத அதற்கு முன் நாலைந்து மாதமாவது வேண்டும். நாள் நிறையப் போய்விட்டது, இனியும் தள்ளாதீர்கள்.